இரவல் குதிரையைப் பங்கிட்டுக்கொள்வது: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்

இங்கிலாந்தில் குதிரையை விலைக்கு வாங்காமலேயே அதை வைத்துப் பராமரிக்கவும் சவாரி செய்யவும் நெடுங்காலமாக ஒரு வழி இருந்துவருகிறது. உரிமையாளரிடமிருந்து அதை இரவலாகப் பெறுவதே அது. மகள் பல்கலைக்கழகம் சென்றிருப்பாள், வீட்டில் குழந்தை பிறந்திருக்கும், வேலை வேறு ஊருக்கு மாறியிருக்கும், அல்லது வாங்கிய போனி என்னும் சிறுவகைக் குதிரை கொள்ளாத உயரத்துக்குப் பிள்ளை வளர்ந்திருக்கும். விற்க மனமில்லாத உரிமையாளர், உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பராமரிப்பையும் சவாரியையும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்கிறார். வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் போன்ற தொண்டு நிறுவனங்களும் தாம் மீட்டு உடல் தேற்றிய குதிரைகளை இம்முறையில்தான் புது வீடுகளுக்கு அனுப்புகின்றன. குதிரை அங்கே எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் உரிமை நிறுவனத்திடமே இருக்கும்.

இப்படி இரவல் பெறுகிறவருக்கு விரைவில் ஒரு கேள்வி எழுகிறது. வேலை, படிப்பு, குடும்பம் ஆகியவற்றுக்கு நடுவே வாரத்தின் ஏழு நாட்களும் காலையும் மாலையும் லாயத்துக்குச் செல்ல ஒருவரால் இயலுமா? இயலாதென்றால் சுமையை யாரோடு, எந்த முறையில் பகிர்ந்துகொள்வது? தனியாகவே முழுப் பொறுப்பையும் ஏற்கலாம். இன்னொருவரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். தாம் முதன்மைப் பொறுப்பாளராக இருந்து, வாரத்தில் சில நாட்களுக்கு மட்டும் ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொள்ளலாம். உரிமையாளரே குதிரையை வைத்திருக்க, அவருக்குத் துணையாகச் சில நாட்களை மட்டும் ஏற்கலாம். லாயத்தாரிடம் பணம் கொடுத்து வேலையின் ஒரு பகுதியை விட்டுவிடவும் செய்யலாம். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சவாரி நாட்களை எண்ணியும் செலவைக் கூட்டியும் பார்க்கிறார்கள். குதிரையின் உடல்நிலையை நாள்தோறும் தொடர்ச்சியாகக் கவனிக்கும் ஒருவர் அந்த ஏற்பாட்டில் இருக்கிறாரா, ஐயம் எழும்போது முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவுகோலின்படி பார்த்தால், மிக நியாயமானதாகத் தோன்றும் சரிபாதிப் பங்கீடு பல நேரங்களில் மிகப் பலவீனமான ஏற்பாடாக அமைகிறது.

பிரித்துக்கொள்ளப்போகும் வேலை என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு, ஈரம் நீங்கிய கணக்கில், உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை, அதாவது நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை தீவனம் வேண்டும். அதில் பெரும்பகுதி புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். லாயத்தில் கட்டியிருந்தால் லத்தியை அள்ளிப் படுக்கையைச் சீர்செய்ய வேண்டும். மேய்ச்சலில் விட்டிருந்தால் வேலியையும் தண்ணீர்த் தொட்டியையும் நச்சுச் செடிகளையும் பார்க்க வேண்டும். குளம்புகளை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். லாடம் அடிப்பவர் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வர வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற லாடக்காரர் மட்டுமே லாடம் அடிக்கலாம் என்பதால், அவர் வரும் நாளில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க யாரேனும் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். பல் பரிசோதனை, தடுப்பூசி, லத்தியில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்துத் தேவையானால் மட்டும் மருந்து கொடுப்பது எனக் கால இடைவெளியில் வரும் வேலைகள் தனி. இத்தனைக்கும் பிறகு எஞ்சுவதுதான் சவாரி. டிசம்பர் இறுதியில் லண்டன் பகுதியில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அலுவலகம் செல்கிறவர் காலையிலும் இருட்டில் வந்து மாலையிலும் இருட்டில்தான் வருவார். மே மாதத்து வார இறுதியில் பேசி முடிக்கும் பங்கீடு, ஜனவரி மாதத்துச் சேற்றில் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தனியாகவே முழு இரவலாக ஏற்பதன் பெரிய வலிமை, தொடர்ச்சி. ஒரே ஆள் ஒவ்வொரு நாளும் பார்க்கும்போது, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள சிறு வேறுபாடுகூடக் கண்ணில் படும். வளர்ந்த குதிரை பொதுவாக ஒரு நாளில் 8 முதல் 12 முறை லத்தி போடும். அது குறைந்தாலோ, முந்தைய இரவு வைத்த உலர்புல் மீந்திருந்தாலோ, கோலிக் எனப்படும் கடும் வயிற்றுவலியின் தொடக்கமாக இருக்கலாம். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதால், வயிற்றுக் கோளாறு சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். வழக்கமாக எவ்வளவு உண்ணும், எப்படி நிற்கும் என்று அறிந்த கண்ணுக்குத்தான் அந்த மாற்றம் தெரியும். ஆனால் தனி ஆளின் பலவீனமும் வெளிப்படையானது. அவருக்குக் காய்ச்சல் வந்தால், கார் பழுதானால், ஊருக்குச் செல்ல நேர்ந்தால், அன்றைய தீவனத்துக்கு யாரைக் கேட்பது? வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ கால் மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய லாயமும், அவசரத்துக்கு உதவும் அண்டையரும், மாதச் செலவு முழுவதையும் நெருக்கடியின்றி ஏற்கக்கூடிய வருமானமும் உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் துணை தேடுவதே நல்லது.

சரிபாதிப் பங்கீடு, இரு நண்பர்கள் சேர்ந்து ஓர் இரவல் குதிரையை எடுக்கும்போது தானாகவே தோன்றும் முறை. திங்கள், புதன், வெள்ளி ஒருவர். செவ்வாய், வியாழன், சனி மற்றவர். ஞாயிறு மாறி மாறி. செலவும் பாதி பாதி. காகிதத்தில் இதைவிட நேர்மையான கணக்கு இருக்க முடியாது. எனினும் இரு நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கும் இரு கண்கள், நாள்தோறும் பார்க்கும் ஒரு கண்ணுக்கு ஈடாவதில்லை. வெப்பமான குளம்பும், குளம்புக்கு மேலே விரல் வைத்தால் வலுவாகத் துடிக்கும் நாடியும் லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சியின் தொடக்க அறிகுறிகள். ஒருவர் வெள்ளியன்று இலேசான தயக்க நடையைக் கண்டு, கல் குத்தியிருக்கும் என்று எண்ணிச் சொல்லாமல் போகிறார். மற்றவர் சனியன்று அதையே முதன்முறையாகக் கண்டு, அவரும் அப்படியே எண்ணுகிறார். இரண்டு நாட்கள் கடந்துவிடுகின்றன.

இதைவிடக் கடினமானது, இருவருக்கும் சம அதிகாரம் இருப்பதால் எழும் சிக்கல். எளிதில் கொழுக்கும் போனி வகைக் குதிரைக்கு வசந்தகாலத்துச் செழும்புல்லே பகை; அளவின்றித் தின்றால் லாமினைட்டிஸ் வரக்கூடும். புல்லைக் கொஞ்சமாக மட்டுமே தின்னவிடும் மேய்ச்சல் முகமூடியைப் போட்டோ, வேலியை நகர்த்தி நகர்த்திக் குறுகிய பட்டையில் மேயவிட்டோதான் அதைக் காப்பாற்ற முடியும். ஒருவர் தம் நாட்களில் முகமூடியைத் தவறாமல் மாட்டுகிறார். மற்றவர், குதிரை பாவம், என் நாளிலாவது நிம்மதியாக மேயட்டும் என்று கழற்றிவிடுகிறார். இருவரும் அன்பால்தான் நடந்துகொள்கிறார்கள். விளைவை அனுபவிப்பது குதிரையின் குளம்புகள். வலிநிவாரணி மருந்தையோ புழுநீக்கி மருந்தையோ இருவரும் கொடுத்துவிடுவதும், மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருவருமே விட்டுவிடுவதும் சரிபாதி ஏற்பாட்டில் வழக்கமாக நேரும் தவறுகள். வாட்ஸ்அப் குழு ஓரளவு உதவும். தீவன அறையின் சுவரில் தொங்கும் வெள்ளைப்பலகையில் மருந்து, அளவு, நேரம், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதும் பழக்கம் அதைவிட உதவும், ஏனென்றால் அவசரத்துக்கு வந்து நிற்கும் மூன்றாமவரும் அதைப் படிக்கலாம். ஆனால் கருத்து வேறுபாட்டைப் பலகை தீர்க்காது. சரிபாதியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் தீவனம், மேய்ச்சல், மருத்துவர், லாடம் ஆகிய நான்கிலும் இறுதிச் சொல் யாருடையது என்பதை எழுதிவைத்தால் மட்டுமே அந்த ஏற்பாடு நிலைக்கும். அப்படி எழுதிவிட்டால் அது அடுத்துச் சொல்லப்போகும் முறையை நெருங்கிவிடுகிறது.

முதன்மைப் பொறுப்பாளர் ஒருவரும் துணைப் பங்காளி ஒருவரும் என்ற அமைப்பையே பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பேன். இதில் முதன்மையானவர் வாரத்தில் நான்கைந்து நாட்கள் வருகிறார். வராத நாளிலும் தகவல் அவருக்கு வந்து சேர்கிறது. மருத்துவரையும் லாடக்காரரையும் அழைப்பது அவரே. பங்காளிக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள். அந்த நாட்களில் சவாரியோடு, தீவனமும் லத்தி அள்ளுவதும் அவருடைய வேலைகள். சவாரிக்கு மட்டும் வந்து வேலையைத் தொடாமல் போகும் பங்காளி, செலவில் எவ்வளவு கொடுத்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு உதவமாட்டார். இதன் குறை, பங்காளி தம்மை இரண்டாம் இடத்தவராக உணரலாம் என்பது. அவருக்கு அளிக்கப்படும் நாட்கள் உறுதியானவையாகவும், முதன்மையானவர் நினைத்தபோது மாற்ற முடியாதவையாகவும் இருந்தால் அந்த உணர்வு பெரிதும் குறையும். சனி, ஞாயிறு இரண்டையும் தாமே வைத்துக்கொண்டு, குளிர்கால வாரநாள் மாலைகளை மட்டும் பங்காளிக்கு ஒதுக்குகிறவர் சில மாதங்களிலேயே பங்காளியை இழப்பார்.

ஆனால் இரவல் குதிரைக்குப் பங்காளி சேர்ப்பது, சொந்தக் குதிரைக்குச் சேர்ப்பதிலிருந்து ஒரு விதத்தில் மாறுபடுகிறது. குதிரை உங்களுடையது இல்லை. உரிமையாளர் உங்கள் கைகளைப் பார்த்தே அதைக் கொடுத்திருக்கிறார். அவருடைய எழுத்துபூர்வமான இசைவின்றி மூன்றாமவரை அதன்மேல் ஏற்றுவது நம்பிக்கையை முறிப்பதோடு, ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் செல்லாததாக்கிவிடக்கூடும். பங்காளியை உரிமையாளர் நேரில் சந்திக்கட்டும். அவர் சவாரி செய்வதைப் பார்க்கட்டும். மூவரும் ஒரே தாளில் கையெழுத்திடட்டும்.

உரிமையாளரே அதே லாயத்தில் இருந்துகொண்டு சில நாட்களை மட்டும் விட்டுக்கொடுக்கும் பகுதி இரவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குதிரையை நன்கறிந்தவர் அருகிலேயே இருப்பதால், முதன்முறையாகப் பொறுப்பேற்கிறவர் கற்றுக்கொள்ள இதுவே மிகப் பாதுகாப்பான இடம். சவாரிப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றுவிட்ட பிள்ளைக்குச் சொந்தக் குதிரை வாங்கிக்கொடுக்கலாமா என்று எண்ணும் பெற்றோர், முதலில் ஓராண்டு இம்முறையில் செலவிட்டுப் பார்ப்பது நல்லது. முடிவுகள் எல்லாம் உரிமையாளருடையவை என்பதை மனப்பூர்வமாக ஏற்க இயலாதவருக்கு மட்டும் இது பொருந்தாது.

லாயத்தாரிடம் பணம் கொடுப்பதும் ஒரு வகையில் பங்கிடுவதே. கட்டணம் பெற்றுப் பிறர் குதிரைகளுக்கு இடம் தரும் லாயங்களான இங்குள்ள லிவரி யார்டுகளில் வேலை முழுவதையும் நாமே செய்யும் டிஐஒய் லிவரி, காலைத் தீவனம், மேய்ச்சலுக்கு விடுதல் போன்றவற்றை ஊழியர் செய்யும் பார்ட் லிவரி, எல்லாவற்றையும் அவர்களே பார்க்கும் ஃபுல் லிவரி எனப் படிநிலைகள் உண்டு. காலையில் அலுவலகம் விரைகிறவருக்கு, புதியவர் ஒருவரைப் பங்காளியாகத் தேடிப் பழக்குவதைவிட, பார்ட் லிவரிக்கு மாறுவது எளிதாக இருக்கலாம். அனுபவமுள்ள ஊழியரின் கண் நாள்தோறும் காலையில் குதிரைமேல் படுவது கூடுதல் நன்மை. வொர்க்கிங் லிவரி என்ற இன்னொரு முறையில், சவாரிப் பள்ளி குதிரையைத் தன் வகுப்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கும். இரவல் குதிரைக்கு இதை நான் விரும்பமாட்டேன். வெவ்வேறு எடையும் திறனும் கொண்ட பலர் ஏறுவார்கள் என்பதால், உரிமையாளர் தெளிவாக இசைந்து, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எத்தகைய மாணவர் என்று வரையறுத்தால் அன்றி அதில் இறங்கக்கூடாது.

எந்த முறையில் பங்கிட்டாலும் குதிரையின் முதுகு ஒன்றுதான். சவாரியாளரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் மேல்வரம்பு; பலர் 15 சதவீதத்தையே விரும்புகிறார்கள். 450 கிலோ குதிரைக்கு 20 சதவீதம் என்பது 90 கிலோ. அதில் சேணம் மட்டுமே பல கிலோ போய்விடும். முதன்மையானவருக்குப் பொருந்திய குதிரை பங்காளிக்கும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. சேணம் குதிரையின் முதுகுக்கு ஏற்றபடி பொருத்தப்படுவது என்றாலும், அமர்கிறவரின் உடலளவும் சுமை விழும் இடத்தை மாற்றுவதால், இருவரும் அமர்ந்த நிலையில் சேணம் பொருத்துநர் ஒருமுறை பார்ப்பது நல்லது. இருவரும் ஒரே பயிற்றுநரிடம் கற்பதும் பெரிதும் பயனளிக்கும். ஒருவர் காலின் இலேசான அழுத்தத்துக்கே நகரப் பழக்க, மற்றவர் உதைத்து ஓட்டினால், குதிரை குழம்பிப்போய்க் கடைசியில் இருவர் சொல்லையும் கேட்காமல் நிற்கும். தாவல் பயிற்சிக்கு மறுநாள் நீண்ட காட்டுவழிச் சவாரி, அதற்கு மறுநாள் பாடம் என்று ஒவ்வொருவரும் தம் நாளை நிரப்பினால், மொத்த உழைப்பு எவருடைய கணக்கிலும் வராமல் குதிரையின் கால் தசைநாண்களில் வந்து சேரும். ஆகவே வார உழைப்பைக் குதிரையின் பக்கமிருந்து ஒரே அட்டவணையாக எழுத வேண்டும். ஓய்வு நாள் யாருடைய நாளில் விழுந்தாலும் அது ஓய்வு நாளாகவே இருக்க வேண்டும்.

சட்டத்தின் பார்வையும் இந்த ஒப்பீட்டில் எடைபோடத் தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், தற்காலிகமாக விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவரையும் பொறுப்பாளராகவே கருதுகிறது. உரிமையாளரின் பொறுப்போ எப்போதும் நீங்குவதில்லை. பங்காளி கவனித்துக்கொள்வார் என்று எண்ணினேன் என்பது போதுமான விடையாகாது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பொறுப்பில் ஒரு விலங்கு இருந்தால், அந்தப் பிள்ளையைப் பேணிவரும் பெரியவரும் பொறுப்பாளராகிறார். மகளுக்காகப் பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பெற்றோர், குதிரையைத் தொட்டதே இல்லையென்றாலும், இதை நினைவில் வைக்க வேண்டும். வேலியைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு ஓடிய குதிரையால் நேர்ந்த விபத்துக்கு, கவனக்குறைவு நிறுவப்படாத நிலையிலும், அதை வைத்திருந்தவர்களே பொறுப்பு என்று 1971-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படி அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2003-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு முதன்மையானவர், பங்காளி இருவருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினர்களுக்கு அத்தகைய காப்பீடு உறுப்பினர் கட்டணத்தோடேயே கிடைக்கிறது. பங்காளியிடம் அதை ஒரு நிபந்தனையாகக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. அந்தக் காப்பீடு குதிரையின் மருத்துவச் செலவைத் தாங்காது. அதற்கான காப்பீட்டு ஆவணத்தில் யார் யார் சவாரி செய்கிறார்கள் என்பது பதிவாகியிருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட், குதிரையை வைத்திருப்பவரிடம் இருக்க வேண்டும். அது உரிமைச் சான்று ஆகாது. இரவலாகப் பெற்ற குதிரையை விற்றுவிட்டுக் கைவிரித்தவர்களும் உண்டு என்பதால், உரிமையாளர் பங்காளியைப் பற்றித் துருவிக் கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் அவருடைய அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, லாய வாடகை, உலர்புல், லாடம், தடுப்பூசி ஆகிய நிலையான செலவுகளை நாட்களின் விகிதத்தில் பிரிப்பதும், தனிப் பயிற்சி, போட்டிக் கட்டணம் ஆகியவற்றை அவரவர் ஏற்பதும் போதும். பங்காளியின் தொகை உண்மையான செலவைத் தாண்டிப் போகக்கூடாது. சவாரிக்காகக் குதிரையை வணிகமாக வாடகைக்கு விடுவதற்கு உள்ளாட்சியின் உரிமம் தேவை. சண்டை மூள்வது பெரும்பாலும் மருத்துவச் செலவில்தான். காப்பீட்டில் நாமே கட்ட வேண்டிய முதல் தொகையை யார் தருவது, காப்பீடு மறுக்கும் பழைய நோய் திரும்பினால் யார் தருவது, பங்காளியின் நாளில் குதிரை கால் முறிந்தால் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் கையெழுத்துக்கு முன்பே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றோடு நான்காவதாக, எழுதவே மனம் கூசும் ஒரு கேள்வியும் உண்டு. உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாத இரவில், குதிரையைக் கருணைக்கொலை செய்வதே நல்லது என்று மருத்துவர் சொன்னால், இசைவளிப்பது யார்? முதன்மையானவருக்கு அந்த அதிகாரத்தை உரிமையாளர் எழுத்தில் கொடுத்திருந்தால், குதிரை வலியில் காத்துக்கிடக்க வேண்டியிராது.

ஏற்பாடு முடிவுக்கு வரும் விதமும் முறைக்கு முறை வேறுபடுகிறது. தனி இரவலில் நீங்களும் உரிமையாளரும் மட்டுமே. நான்கு வார முன்னறிவிப்பு என்ற வழக்கமான நிபந்தனை பெரும்பாலும் போதும். சரிபாதியில் ஒருவர் விலகினால், மற்றவர் மறுநாளே முழுச் செலவையும் ஏழு நாட்களையும் சுமக்க வேண்டும். ஆகவே அங்கே முன்னறிவிப்புக் காலம் எட்டு வாரமாவது இருக்க வேண்டும் என்பேன். முதன்மையும் துணையும் உள்ள அமைப்பில், பங்காளி விலகினாலும் குதிரையின் நாள் பெரிதாக மாறுவதில்லை. முதன்மையானவர் விலகினால், பங்காளிக்குத் தொடரும் உரிமை தானாக வராது, உரிமையாளரே புதிதாக முடிவெடுப்பார். இதைப் பங்காளிக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். குதிரையோடு வரும் சேணம், கடிவாளம், அங்கவடி, போர்வைகள் அனைத்தையும் படத்தோடு பட்டியலிட்டு, முதல் ஒரு மாதத்தைச் சோதனைக் காலமாக வைத்துத் தொடங்குங்கள். கூடுமானால் அந்த மாதம் நவம்பராக இருக்கட்டும்.